ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து: தமிழ் வகுப்புக்குச் சொற்புதிர் போடுவது எப்படி

கட்டம் போட்ட தாளைக் கண்டால் பிள்ளைகள் தானாகவே பென்சிலை எடுப்பார்கள். அந்த ஆசையை மட்டும் நம்பி எங்கோ கிடைத்த குறுக்கெழுத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தால் பீரியடு ஓடிவிடும், தமிழ் ஏறாது. அதனால் புதிர் போட உட்காருமுன் தாளின் மூலையில் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்: இது முடிந்தபின் பிள்ளைக்குப் புதிதாக எது தெரிந்திருக்க வேண்டும்? மெய்ம்மயக்கமா (எந்த மெய்யை அடுத்து எந்த எழுத்து வரும் என்பது), ல-ள-ழ வேறுபாடா, ஒருபொருட் பன்மொழியா (ஒரே பொருள் தரும் பல சொற்கள்), புணர்ச்சியா (இரண்டு சொல் சேரும்போது நேரும் மாற்றம்)? ஏதாவது ஒன்று போதும். எந்த வகைப் புதிர் என்பது அதற்குப் பிறகுதான் முடிவாகும். பிழை திருத்தவே புதிர் வேண்டுமென்றால் குறுக்கெழுத்து நல்ல கருவி, எழுத்துகளைக் கலைத்துப் போடும் புதிர் கெட்ட கருவி. கலைந்த சொல்லைக் கரும்பலகையில் பார்த்துக்கொண்டே இருக்கும் பிள்ளைக்கு அந்தக் கலைந்த வடிவமே மனதில் நின்றுவிடும். எழுத்துக் கலைப்பு வேண்டுமானால் அட்டைகளில் செய்யுங்கள். கையால் நகர்த்திச் சொல்லைச் சேர்த்து முடிக்கும்போது கண்முன் இருப்பது சரியான வடிவம்.

எல்லா வகைக்கும் அடிப்படை விதி ஒன்று உண்டு. ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம் எதுவானாலும் ஒரே கட்டம். புள்ளிக்கோ காலுக்கோ கொம்புக்கோ தனிக் கட்டம் கிடையாது. ‘கொ’ என்பதை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் மூன்று கட்டத்தில் போடுவார்கள்: கொம்பு, க, கால். ‘ஔ’வை ‘ஒ’, ‘ள’ என்று இரண்டாகப் பிரிப்பதும் ‘கௌ’வை ‘கெ’, ‘ள’ ஆக்குவதும் ஏழாம் வகுப்பிலும் நடக்கும். முதல் புதிரைக் கொடுக்குமுன் கரும்பலகையில் நாலைந்து சொல்லை எழுதி, கைதட்டி எண்ணச் சொல்லுங்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்து நாகர்கோவில் என்றால் நா-க-ர்-கோ-வி-ல், ஆறு தட்டு. மார்த்தாண்டம் ஏழு. மெய்க்கும் தட்ட வேண்டும் என்பதைச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அசையை எண்ணிவிட்டு கட்டம் மிச்சமாக இருக்கிறதே என்று விழிப்பார்கள்.

கணினியில் புதிர் தயாரிப்பவர்கள் சறுக்குவதும் இதே இடத்தில்தான். ஆங்கிலத்துக்கென்று செய்த புதிர் தளங்களில் ‘கட்டுமரம்’ என்று தட்டினால், பல தளங்கள் புள்ளியையும் உகரக் குறியையும் தனித்தனி எழுத்தாக எண்ணி ஒன்பது கட்டத்தில் சிதறடித்துவிடும். சொல்லில் இருப்பது ஆறே எழுத்து. கணக்குத்தாள் மென்பொருளில் நீளம் எண்ணும் ஃபார்முலாவும் ஒன்பது என்றே காட்டும். எனவே அட்டவணை ஒன்றைப் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எழுத்தாகக் கையால் நிரப்புவதே பத்திரம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பை அப்படியே ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள், அங்கே வேறு ஏதோ எழுத்தாகத்தான் திறக்கும். யூனிகோடில் தட்டி பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோங்கள். ஏ4 தாளில் 2 செ.மீ. கட்டம் வைத்தால் எட்டுக்கு எட்டுப் புதிர் 16 செ.மீ. அகலத்தில் அடங்கும், இருபுறமும் இரண்டரை செ.மீ. ஓரம் கிடைக்கும், கீழே குறிப்புகளுக்கும் இடம் இருக்கும். ஆறாம் வகுப்புக்கு மேல் ஒன்றரை செ.மீ. போதும். அதற்கும் சின்னதானால் ‘னௌ’, ‘ணொ’ எல்லாம் பக்கத்துக் கட்டத்துக்குள் கால் நீட்டும்.

விடுபட்ட எழுத்து

ஒன்று முதல் மூன்று வகுப்புவரை இதுவே போதும். ஆனால் எந்த எழுத்தை விடுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கண்டபடி விடாமல் மெல்லின மெய்யை மட்டும் விடுங்கள்: ச_கு, ம_சள், வ_டு, ப_து, பா_பு, க_று. ஆறும் ஆறு இன எழுத்துச் சேர்க்கை. ககரத்துக்கு முன் ங், சகரத்துக்கு முன் ஞ், டகரத்துக்கு முன் ண், தகரத்துக்கு முன் ந், பகரத்துக்கு முன் ம், றகரத்துக்கு முன் ன். நான்கு நாள் இதே வகையில் வேறு வேறு சொற்களைக் கொடுத்தால், ‘ன்ட’ என்றும் ‘ண்ற’ என்றும் எழுதும் பழக்கம் பெரும்பாலும் நின்றுபோகும்.

பக்கத்தில் படமோ குறிப்போ இல்லாமல் இதைக் கொடுக்கக்கூடாது. ‘ப_து’ என்பது பந்தாகவும் இருக்கலாம், பத்தாகவும் இருக்கலாம். வல்லினத்துக்கு முன்னால் அதே வல்லின மெய்யும் வரும் என்பதால் இந்த வகையில் பாதிச் சொற்களுக்கு இரண்டு விடை உண்டு. பிள்ளை ‘பத்து’ என்று எழுதினால் அது தவறில்லை. புதிர் போட்டவர் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

சொல் தேடல்

கட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் சொல்லைத் தேடி வட்டமிடும் புதிர். மூன்று முதல் ஐந்து வகுப்புக்குப் பொருந்தும். குளச்சல், முட்டம் பக்கத்துப் பள்ளிக்கு ஒரு கடல் பட்டியல் பார்ப்போம்: கட்டுமரம், துறைமுகம், கலங்கரை, நெத்திலி, வள்ளம், மீனவர், தூண்டில், சங்கு. எட்டுச் சொல், 35 எழுத்து. வலை, சாளை போன்ற இரண்டெழுத்துச் சொற்களைச் சேர்க்காதீர்கள், அவை நிரப்பெழுத்திலேயே தற்செயலாக அமைந்துவிடும்.

எட்டுக்கு எட்டுக் கட்டத்தில் 64 இடம். சொற்கள் ஒன்றையொன்று வெட்டாமல் இருந்தால் 29 இடத்தை நிரப்ப வேண்டும். இந்த நிரப்பில்தான் பெரும்பாலான புதிர்கள் கெட்டுப்போகின்றன. 247 எழுத்தில் எதையாவது போட்டால் ஙௌ, ஞூ என்று யாரும் எழுதாத எழுத்துகள் வந்து உட்காரும். அவற்றை ஒதுக்கிவிட்டால் மிச்சம் இருப்பதுதான் விடை என்று பிள்ளைகள் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள். வெறும் உயிர்மெய்யாகப் போட்டாலும் அதே கதை. புள்ளி இருக்கும் இடமெல்லாம் சொல் இருக்கிறது என்று காட்டிக்கொடுத்துவிடும். மேலே உள்ள எட்டுச் சொல்லில் மெய்யெழுத்து 11, அதாவது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. அதே விகிதத்தில் 29 நிரப்பெழுத்தில் ஒன்பது மெய்யாக இருக்கட்டும். மற்றவற்றை அந்தச் சொற்களின் எழுத்துகளிலிருந்தே எடுங்கள்: க, ம, ர, ள, து, டு, லி, றை. ‘கட்டும’ என்று போட்டு நிறுத்திவிடும் பொய்த்தடம் ஒன்றிரண்டு வைத்தால் கவனித்துப் படிப்பார்கள்.

திசை வலப்பக்கமும் கீழ்ப்பக்கமும் மட்டும். மூலைவிட்டம் ஆறாம் வகுப்புக்கு மேல். வலமிருந்து இடம் வேண்டவே வேண்டாம். வாசிக்கப் பழகும் பிள்ளையைத் தலைகீழாக வாசிக்க வைத்து என்ன லாபம்? நிரப்பி முடித்ததும் நான்கு பக்கமும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். நீங்கள் நினைக்காத வசைச்சொல் ஒன்று அங்கே அமைந்திருந்தால் பிள்ளைகள் முதலில் கண்டுபிடிப்பது அதைத்தான்.

குறுக்கெழுத்து

ஆங்கிலக் குறுக்கெழுத்துபோல அடைசலான கட்டம் தமிழில் எளிதில் அமையாது. அங்கே 26 எழுத்து, இங்கே 247. க வேறு, கா வேறு, கி வேறு. இரண்டு சொல் வெட்டிக்கொள்ள வேண்டுமானால் அதே எழுத்து அதே உருவில் இரண்டிலும் இருக்க வேண்டும். பத்துச் சொல்லுக்குப் பத்துப் பன்னிரண்டு வெட்டு கிடைத்தால் அது நல்ல கட்டம். அதற்குமேல் ஆசைப்பட்டால் யாருக்கும் தெரியாத சொல்லை உள்ளே திணிக்க வேண்டிவரும்.

வெட்டும் இடத்தைத் தேட இலக்கணமே வழி காட்டும். மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வராது. ஆகவே புள்ளி வைத்த கட்டத்திலிருந்து எந்தச் சொல்லும் தொடங்க முடியாது. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன வரிசைகளும் தமிழ்ச் சொல்லுக்கு முதலாகா. அந்த எழுத்துகளில் வெட்டு வந்தால் இரண்டு சொல்லுக்கும் நடுவிலோ கடைசியிலோ வர வேண்டும். ரப்பர் தோட்டங்கள் உள்ள குலசேகரம் பக்கத்துப் பிள்ளை ‘ரப்பர்’ என்று எழுந்து நிற்கும். சொல்லட்டும், மொழிமுதல் எழுத்தைப் பற்றிப் பேச அதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது. க், ச், ட், த், ப், ற் ஆகியவை தமிழ்ச் சொல்லின் கடைசிக் கட்டத்தில் வரமாட்டா. ம், ல், ன், ர் ஆகியவை தாராளமாக வரும். இரண்டு சொல்லின் கடைசி எழுத்தும் ஒன்றையொன்று தொடும் வெட்டு தமிழில் எளிது.

சின்ன எடுத்துக்காட்டு ஒன்று, ஐந்து சொல், நான்கு வெட்டு:

■ ■ ■ த க் க லை
■ ■ ■ ■ ■ ட ■
■ கு ள ச் ச ல் ■
■ ம ■ ■ ■ ■ ■
அ ரி சி ■ ■ ■ ■

இடமிருந்து வலம்: பத்மநாபபுரம் அரண்மனைக்குப் பக்கத்து ஊர் (4). 1741இல் டச்சுப் படை தோற்ற கடற்கரை ஊர் (5). நெல் குத்தினால் கிடைப்பது (3). மேலிருந்து கீழ்: ஆழி, பரவை (3). நம் மாவட்டப் பெயரின் பின்பாதி (3). கடலும் குளச்சலும் கடைசி ‘ல்’லில் சந்திப்பதைக் கவனியுங்கள். பெரிய கட்டத்தை இப்படித்தான் கட்ட வேண்டும். நீளமான சொல்லை நடுவில் வைத்து, அதன் கடைசி எழுத்திலும் முதல் எழுத்திலும் மற்றவற்றைத் தொங்கவிட்டு வெளியே நகருங்கள். இரண்டு சொல் பக்கத்துப் பக்கத்து வரிசையில் ஒட்டி வரக்கூடாது, இடையில் ஒரு வரிசை கறுப்பாக இருக்கட்டும்.

குறிப்பு எழுதுவது கட்டம் போடுவதைவிடக் கடினம். விடை வினையானால் குறிப்பும் அதே காலம், அதே எண், அதே பாலில் இருக்க வேண்டும். விடை ‘ஓடினாள்’ என்றால் குறிப்பு ‘விரைந்து சென்றாள்’, ‘விரைந்து செல்’ அன்று. விடையின் பகுதி குறிப்பில் வரக்கூடாது. எட்டுச் சொல்லுக்குமேல் நீளும் குறிப்பைப் பிள்ளைகள் படிப்பதில்லை. பத்துச் சொல்லில் ஏழு பாடத்தில் வந்ததாகவும் மூன்று புதிதாகவும் இருந்தால் அளவு சரியாக இருக்கும். புதிய மூன்றும் தெரிந்த சொல்லை வெட்டிக்கொண்டு போக வேண்டும், தனியே தொங்கினால் ஒருவரும் நிரப்பமாட்டார்கள்.

இந்த மாவட்டத்துக்கு என்று ஒரு சிக்கல் இருக்கிறது. ‘ஒரு கிழங்கு (5)’ என்று குறிப்புக் கொடுத்தால் புத்தகம் எதிர்பார்ப்பது மரவள்ளி. வகுப்பு எழுதுவது மரச்சீனி. இரண்டும் ஐந்தெழுத்து, முதல் இரண்டு எழுத்தும் ஒன்று, கடைசி எழுத்தும் ளி, னி என்று இகரத்திலேயே முடியும். பாதிக் கட்டம் நிரம்பும்வரை பிழை தெரியவே தெரியாது. ‘குடிக்க உதவுவது (4)’ என்றால் விளவங்கோடு பக்கம் தண்ணீர் வராது, வெள்ளம் வரும், அதுவும் நான்கெழுத்து. நெத்திலியும் நெத்தலியும் அப்படியே. இத்தகைய சொற்களில் மூன்றாம் எழுத்தில் ஒரு வெட்டு வைத்துவிடுங்கள், ‘வ’வா ‘ச்’சா என்பது தானே தெரிந்துவிடும். அல்லது ‘பாட நூலில் உள்ளபடி’, ‘நம் ஊர்ப் பேச்சில்’ என்று குறிப்பிலேயே சொல்லுங்கள். ஊர்ச்சொல்லைப் பிழை என்று அடிக்காதீர்கள். நல்லமிளகு (மிளகு), சக்கை (பலா), கதம்பை (தேங்காய் மட்டை), தும்பு (நார்) இவற்றை மட்டும் வைத்துத் தனிக் குறுக்கெழுத்தே போடலாம். கோவில்-கோயில், பவளம்-பவழம் போன்ற இரட்டை வடிவங்களை மட்டும் விட்டுவிடுங்கள், அவற்றால் வாக்குவாதம்தான் மிஞ்சும்.

சொல்லேணி, எழுத்து நீக்கம்

இவற்றுக்குத் தாளே வேண்டாம். கரும்பலகை போதும், ஐந்து நிமிடத்தில் முடியும். சொல்லேணியில் ஒரு படிக்கு ஓர் எழுத்தை மட்டும் மாற்றி இன்னொரு சொல்லுக்குப் போக வேண்டும். வயலிலிருந்து கடலுக்கு: வயல், கயல், கடல். தோணியிலிருந்து பாறைக்கு: தோணி, பாணி, பாறை. மலையிலிருந்து துறைக்கு: மலை, மறை, துறை. மழையிலிருந்து குடைக்கு இரண்டு வழி உண்டு. மழை, மடை, குடை என்றும் போகலாம், மழை, குழை, குடை என்றும் போகலாம். இரண்டாவது வழியில் போன பிள்ளையிடம் குழை என்றால் என்ன என்று கேளுங்கள். பதில் சொன்னால் ஏற்றுக்கொள்ளுங்கள். எல்லாப் படிக்கும் பொருள் சொல்லித்தான் ஏற வேண்டும் என்ற நிபந்தனை இல்லாவிட்டால் வாயில் வந்த ஒலியையெல்லாம் சொல் என்பார்கள்.

முதல் எழுத்தை மட்டும் மாற்ற முட்டம் அருமையான ஊர். பட்டம், வட்டம், சட்டம், கட்டம், மட்டம், திட்டம், ஆட்டம், ஓட்டம், கூட்டம், தோட்டம், நாட்டம், வாட்டம். இரண்டு நிமிடத்தில் எந்தக் குழு அதிகம் சொல்கிறது என்று பார்க்கலாம்.

எழுத்து நீக்கத்துக்கு ‘-ம்பு’ வரிசை வாகானது. வரம்பில் ரகரம் போனால் வம்பு, நரம்பில் போனால் நம்பு, அரும்பில் ரு போனால் அம்பு, கரும்பில் கம்பு, துரும்பில் தும்பு. குறிப்பை இப்படி எழுதுங்கள்: ‘வயலின் ஓரம், நடுவில் ஓர் எழுத்து விழுந்தால் சண்டை.’ வரப்பு என்று தொடங்குகிறவருக்கு ‘வப்பு’ வந்து நிற்கும், தானே திருத்திக்கொள்வார். ஊர்ப்பெயரிலும் இது நடக்கும். தோவாளையில் முதல் எழுத்தை எடுத்தால் வாளை. தக்கலையில் முதல் இரண்டை எடுத்தால் கலை, நடு இரண்டை எடுத்தால் தலை. வாளை கிடைத்த கையோடு வாழை, வாலை என்று எழுதி மூன்றுக்கும் பொருள் கேட்டால் ல-ள-ழ பாடம் முடிந்தது. அரை-அறை, கரை-கறை, பரவை-பறவை என்று ரகர றகரத்துக்கும் அப்படியே செய்யலாம்.

கட்டத்தை எண்ணிப் புணர்ச்சி

எட்டு முதல் பத்து வகுப்புவரை புணர்ச்சி இலக்கணத்தை மனப்பாடமாக ஒப்பிப்பார்கள், பிரிக்கச் சொன்னால் தடுமாறுவார்கள். அவர்களுக்கு எழுத்தை எண்ண வையுங்கள். தாளில் மூன்று வரிசைக் கட்டம்: நிலைமொழி (முதலில் நிற்கும் சொல்), வருமொழி (அதனோடு வந்து சேரும் சொல்), சேர்ந்த சொல். முதல் இரண்டின் கூட்டுத்தொகையையும் மூன்றாவதின் எண்ணிக்கையையும் ஒப்பிட வேண்டும்.

குழி 2, துறை 2, கூட்டினால் 4. குழித்துறை என்று எழுதினால் 5. ஒரு கட்டம் கூடியிருக்கிறது, அது ‘த்’. தோன்றல். மரம் 3, வேர் 2, கூட்டினால் 5. மரவேர் 4. ஒன்று குறைந்தது, ‘ம்’ போயிற்று. கெடுதல். கடல் 3, கரை 2, கூட்டினால் 5. கடற்கரையும் 5. எண்ணிக்கை மாறவில்லை, ஆனால் ‘ல்’ இருந்த கட்டத்தில் ‘ற்’ இருக்கிறது. திரிதல். நாகர் 3, கோவில் 3, நாகர்கோவில் 6. எண்ணிக்கையும் மாறவில்லை, எழுத்தும் மாறவில்லை. இயல்பு. இந்த நான்கையும் கட்டத்தில் போட்ட பிள்ளை, தேர்வில் புதிய சொல் வந்தாலும் எண்ணிப் பார்க்கும்.

வட்டக்கோட்டையைக் கடைசியில் கொடுங்கள். வட்டம் 4, கோட்டை 3, சேர்ந்தது 7. எண்ணிக்கை ஒத்துப்போகிறது, ‘ம்’ இருந்த இடத்தில் ‘க்’ இருக்கிறது, எனவே திரிதல் என்று முக்கால்வாசி வகுப்பு சொல்லும். உண்மையில் மகரம் கெட்டது, பிறகு ககர ஒற்றுத் தோன்றியது. ஒன்று போய் ஒன்று வந்ததால் கணக்கு நேராயிற்று. இதை விளக்கத்தான் இத்தனை கட்டமும். மேல்வகுப்புக்குக் கருங்கல்லையும் (கருமை + கல், 5க்கு 5) கொடுத்து என்ன போயிற்று, என்ன வந்தது என்று பிரிக்கச் சொல்லலாம்.

வகுப்பில்

45 நிமிடப் பீரியடுக்கு இந்தப் பங்கீடு ஒத்துவரும்: முதல் 5 நிமிடம் ஒரே ஒரு குறிப்பைக் கரும்பலகையில் எல்லோருமாக நிரப்புவது, 20 நிமிடம் குழுவாக நிரப்புவது, 10 நிமிடம் சரிபார்ப்பது, 10 நிமிடம் எழுதுவது. நான்கு பேருக்கு ஒரே தாள், ஒரே பென்சில், குறிப்புக்குக் குறிப்பு பென்சில் கைமாற வேண்டும். ஆளுக்கொரு தாள் கொடுத்தால் ஒருவர் போட மூவர் பார்த்தெழுதுவார்கள். ஒரே வகுப்பில் நிலை வேறுபாடு அதிகம் இருந்தால் கட்டத்தை மாற்றாதீர்கள், குறிப்பை மாற்றுங்கள். ‘மட்டி’க்கு ஒரு குழுவுக்கு ‘சின்னதாக இருக்கும் நம் ஊர் வாழை’, இன்னொரு குழுவுக்கு ‘2023இல் புவிசார் குறியீடு பெற்ற குமரி வாழை’. விடை ஒன்றாக இருப்பதால் சேர்ந்தே சரிபார்க்கலாம்.

முதலில் முடித்த குழுவைச் சும்மா உட்கார வைத்தால் அடுத்த குழுவும் கெடும். கட்டத்தில் இல்லாத இரண்டு பாடச் சொல்லுக்குக் குறிப்பு எழுதச் சொல்லுங்கள். நல்ல குறிப்பை அடுத்த வாரப் புதிரில் அப்படியே சேர்த்துக்கொள்ளலாம், உங்கள் வேலையும் குறையும். ஒன்பதாம் வகுப்பு வந்துவிட்டால் நிரப்புவதைவிடக் குறிப்பு எழுதுவதற்கே அதிக நேரம் கொடுங்கள். ஒரு சொல்லுக்குச் சுருக்கமாகப் பொருள் எழுதத் தெரிந்தவருக்கு அந்தச் சொல் மறக்காது.

சரிபார்க்கும்போது விடைகளை வாசித்துவிட்டுப் போகாதீர்கள். வெட்டும் கட்டத்தில் இரண்டு எழுத்து மோதினால், எந்தச் சொல் தவறு என்று குழுவே வாதாடி முடிவு செய்யட்டும். தாளைத் திரும்ப வாங்கியதும் பிழைகளை மூன்றாகப் பிரியுங்கள். எழுத்து எண்ணிக்கைப் பிழை என்றால் மறுநாள் கைதட்டி எண்ணும் பயிற்சிக்குத் திரும்புங்கள். ர-ற, ன-ண பிழை என்றால் எழுத்து மாற்றும் இணைகளைக் கொடுங்கள். பொருள் தெரியாத வெற்றுக் கட்டம் என்றால் அந்தச் சொல்லை வைத்து மூன்று வாக்கியம் எழுத வையுங்கள். ஐந்து குழுவில் நான்கு குழு ஒரே கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தால் பிள்ளைகளைப் பார்க்காமல் உங்கள் குறிப்பை எடுத்துத் திருத்துங்கள். திருத்திய தாளில் வகுப்பு, தேதி, எந்தப் பாடம் என்று எழுதி கோப்பில் போட்டால், அடுத்த ஆண்டு அதே பாடம் வரும்போது கட்டத்தை முதலிலிருந்து போட வேண்டியதில்லை.